இர்வைனில் வாடகை வீடு: குடும்பத்தோடு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெற்கு கலிஃபோர்னியாவில், ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது இர்வைன். வேலை மாறி இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் கிளம்புவதற்கு முன்னால் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நண்பர் சொன்ன விதியை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்காதீர்கள்.

இர்வைன் எப்படிப்பட்ட ஊர்? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்கிறார்களே?

ஆமாம், ஒரே மாதிரிதான் இருக்கும். திட்டம் போட்டுக் கட்டிய ஊர். ஒரு காலத்தில் இது இர்வைன் ராஞ்ச் என்ற பெரும் பண்ணை நிலம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் 1965இல் இங்கே திறந்தது. அதைச் சுற்றி நகரம் எப்படி வளரவேண்டும் என்று வில்லியம் பெரேரா என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். 1971 டிசம்பரில் அது அதிகாரபூர்வமாக நகரமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,07,670 பேர்.

ஊரை 'வில்லேஜ்' 'வில்லேஜ்' ஆகப் பிரித்திருக்கிறார்கள். நம்ம ஊர் கிராமத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றிலும் வீடுகள், ஒரு பூங்கா, ஒரு பள்ளி, ஒரு சின்னக் கடைத்தொகுதி இருக்கும், அவ்வளவுதான். வீட்டுச் சுவரின் நிறத்தைக்கூட விதி தீர்மானிக்கும். சிலருக்கு மூன்றே மாதத்தில் அலுத்துவிடும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாருக்கும் அலுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எந்த வில்லேஜில் வீடு பார்க்கலாம்?

எல்லோரும் முதலில் நீச்சல்குளத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இரண்டே விஷயம். அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி? காலையில் எந்தச் சாலையில் வண்டி ஓட்டவேண்டும்? இவை இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

பல்கலைக்கழகத்தை ஒட்டி, கடல் பக்கமாக இருப்பவை டர்ட்டில் ராக், யுனிவர்சிட்டி பார்க், குவைல் ஹில். கோடையில் குளுமையாக இருக்கும். ஆனால் குவைல் ஹில் தவிர மற்ற இரண்டிலும் வீடுகள் பழையவை. ஏசி இல்லாத வீடுகள்கூட உண்டு. வீட்டைச் சூடாக்கும் வசதியை ஓனர் கட்டாயம் தரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். குளிரூட்டும் வசதிக்கு அப்படி ஒரு விதி இல்லை. நடுவில் இருக்கும் உட்பிரிட்ஜில் இரண்டு ஏரிகள், பெரிய மரங்கள், நடக்கப் பாதை எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் ஊரிலேயே வாழ்ந்து பழகிய முகம் உள்ள இடம் அதுதான். வடக்கே மலையடிவாரத்தில் போர்ட்டோலா ஸ்பிரிங்ஸ், ஆர்ச்சர்ட் ஹில்ஸ், கிரேட் பார்க் பகுதிகள். வீடுகள் புதிது, அண்டை வீட்டில் நம்மவர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். வெயிலும் அதிகம்.

வேலை விமான நிலையத்தை ஒட்டிய வணிகப் பகுதியிலா, அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த ஸ்பெக்ட்ரம் பக்கமா என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு அருகில்தான் 5, 405 என்ற இரண்டு ஃப்ரீவேக்களும் சேர்கின்றன. மாலை நேரத்தில் அந்தச் சந்திப்பைக் கடப்பதைத் தவிர்க்கிற மாதிரி வீடு கிடைத்தால், மாதம் நூறு டாலர் கூடக் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளலாம்.

இர்வைனில் வீடு எடுத்தால் இர்வைன் பள்ளிதானே?

அப்படி இல்லை. இங்கே பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு. ஊரின் பெரும்பகுதி இர்வைன் யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் வருகிறது. ஆனால் நார்த்பார்க், வெஸ்ட் இர்வைன், ஆர்ச்சர்ட் ஹில்ஸ் பக்கத்து முகவரிகள் பல, பக்கத்து ஊரான டஸ்டினின் யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட்டில் சேரும். இர்வைன் எல்லைக்குள் இருக்கும் பெக்மன் உயர்நிலைப் பள்ளியே டஸ்டின் டிஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்ததுதான். விமான நிலையப் பக்கத்தில் சில முகவரிகள் சாண்டா ஆனா டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகும். டஸ்டின் ஒன்றும் மட்டமில்லை, நல்ல பள்ளிகள்தான். ஆனால் ஒன்றை நினைத்து வந்து இன்னொன்றில் சேர்க்க நேர்ந்தால் அந்த எரிச்சல் வருஷம் முழுக்க இருக்கும்.

வாடகைத் தளங்களில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பவேண்டாம். டிஸ்ட்ரிக்ட்டின் வலைத்தளத்தில் முகவரியைத் தட்டி, எந்தப் பள்ளி என்று நீங்களே பாருங்கள். அப்புறம் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு, 'இந்த வகுப்பில் இடம் இருக்கிறதா?' என்று கேளுங்கள். பக்கத்துப் பள்ளி நிரம்பியிருந்தால் குழந்தையை வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் பள்ளியை விட்டுவிட்டு இரண்டு மைல் தள்ளி வண்டி ஓட்டும் நிலை வரலாம். புதிதாக வீடுகள் முளைக்கும் பகுதியில் இது அதிகம். பள்ளிப் பேருந்தையும் நம்பி இருக்க முடியாது, பெற்றோர்தான் கொண்டுபோய் விடவேண்டும்.

பள்ளியில் சேர்க்க என்னென்ன வேண்டும்?

உங்கள் பெயரில் லீஸ், கரண்ட் பில் மாதிரி முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் தடுப்பூசி அட்டையைக் கிளம்புவதற்கு முன்பே சரிபாருங்கள். போலியோ, டிடிஏபி, எம்எம்ஆர், ஹெபடைடிஸ் பி போட்டிருப்பார்கள். சின்னம்மை தடுப்பூசி இரண்டு டோஸ் கேட்பார்கள், விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். தனிப்பட்ட நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்கும் வழியை 2016இலேயே மூடிவிட்டார்கள்.

செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது நிறைந்தால் கிண்டர்கார்டன். 2025-26 கல்வியாண்டிலிருந்து, அதே தேதிக்குள் நான்கு வயது நிறைந்த குழந்தைகளும் கிண்டர்கார்டனுக்கு முந்தைய 'டிகே' எனும் வகுப்பில் இலவசமாகச் சேரலாம். தனியார் பிரீஸ்கூலுக்குக் கொடுக்கிற பணத்தை நினைத்தால் இது பெரிய சேமிப்பு. வாடகைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

வாடகை எவ்வளவு ஆகும்?

இரண்டு படுக்கையறை பெரும்பாலும் 3,000 டாலரைத் தாண்டும். புது வளாகம் என்றால் இன்னும் மேலே. மாத வருமானம் வாடகையைப் போல இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்று கேட்பது இங்கே வழக்கம்.

பெரிய வளாகங்களில் வாடகை விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் மாறும். திங்கள்கிழமை பார்த்த விலை வியாழக்கிழமை இருக்காது. கோடை விடுமுறையில் பள்ளியைக் குறிவைத்து எல்லோரும் வீடு தேடுவதால் அப்போதுதான் ஏறுமுகம். நவம்பர், டிசம்பரில் லீஸ் தொடங்கினால் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மாத லீஸுக்கும் பதினான்கு மாத லீஸுக்கும் விலை வேறு. எது மலிவு என்று பார்க்கும்போதே லீஸ் எந்த மாதம் முடிகிறது என்றும் பாருங்கள். மார்ச்சில் முடிகிற லீஸ், பள்ளி நடுவே வீடு மாற்ற வைக்கும்.

வாடகைக்கு மேலே தண்ணீர், குப்பை, வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் என்று சேர்ந்துகொண்டே போகும். 'எல்லாம் சேர்த்து மாதம் என்ன வரும்?' என்று லீசிங் ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். கரண்ட் கட்டணம் பெரும்பாலான வீடுகளில் மாலை 4 முதல் 9 வரை அதிகம். துணி துவைக்கும் இயந்திரத்தையும் டிரையரையும் அதற்குப் பிறகு ஓட்டுங்கள்.

கம்பெனி வளாகமா, தனி ஓனர் வீடா?

ஊரின் பெரிய அபார்ட்மென்ட் வளாகங்களில் கணிசமானவை இர்வைன் கம்பெனியுடையவை. குழாய் ஒழுகினால் செயலியில் தட்டினால் ஆள் வருவார். பேரம் கிடையாது. தனி ஓனரிடம் டவுன்ஹவுஸோ (சுவர் ஒட்டிய வரிசை வீடு) காண்டோவோ (தனிநபருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடு) எடுத்தால் கராஜ், கொஞ்சம் முற்றம் எல்லாம் கிடைக்கும், வாடகையிலும் பேசிப் பார்க்கலாம். ஆனால் ஓனர் விற்க நினைத்தால் நீங்கள் மறுபடி பெட்டி கட்டவேண்டும். பள்ளிக்காகவே வருகிறவர்களுக்கு முதல் வருஷம் வளாகம்தான் நிம்மதி என்பது என் கருத்து. ஊரைத் தெரிந்துகொண்டு அப்புறம் தனி வீட்டுக்கு மாறலாம்.

தனி வீடு எடுத்தால் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின், அதாவது ஹெச்.ஓ.ஏ.வின் விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கராஜில் பெட்டி அடுக்கிவைத்துவிட்டுக் காரைத் தெருவில் நிறுத்த விடமாட்டார்கள். இரவு நிறுத்தப் பெர்மிட் கேட்கும் தெருக்கள் நிறைய. இரண்டு கார் உள்ள குடும்பத்துக்கு, படுக்கையறை எத்தனை என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம்.

அமெரிக்காவுக்கே இப்போதுதான் வருகிறோம். கிரெடிட் ஸ்கோர் இல்லை. வீடு தருவார்களா?

தருவார்கள். ஆஃபர் லெட்டர், பாஸ்போர்ட், விசா, வங்கி இருப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தரும் வளாகங்கள் உண்டு. கம்பெனி மாற்றலில் வருகிறவர் என்றால் உங்கள் ஹெச்ஆரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் கிரெடிட், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு இல்லாதவர்களிடம் இரண்டு மாத டெபாசிட் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. இரண்டு சொத்துக்கு மேல் இல்லாத, மொத்தம் நான்கு வீட்டுக்கு மிகாத சின்ன ஓனர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் வரை அனுமதி. பழைய கணக்கில் கேட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று ஒரு ஓனர் சொன்னால் அவர் ஓனரே இல்லை. நீங்கள் வர முடியாவிட்டால் இங்கே இருக்கும் நண்பரை அனுப்பி, வீட்டுக்குள் நின்று வீடியோ கால் போடச் சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

முதலில் அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட். நம் சமையலுக்கு இது உயிர்நாடி. பல அபார்ட்மென்ட்களில் மைக்ரோவேவ் அடியிலேயே விசிறி இருக்கும். அது புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும். விசிறியைப் போட்டுவிட்டு மைக்ரோவேவின் முன்பக்க மேல் விளிம்பில் கையை வையுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்தால், கடுகு தாளிக்கும் ஒவ்வொரு முறையும் புகை அலாரம் கத்தப்போகிறது என்று அர்த்தம். அடுத்ததாக மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள், வெளியே போகும் குழாய் தெரிந்தால் நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு அலமாரியில் ஒட்டி, காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடிப்பதும் இதனால்தான்.

அப்புறம் தளம். ஓடி விளையாடும் வயதுக் குழந்தை இருந்தால் கீழ்த்தளம் எடுங்கள். இவை மரச்சட்டக் கட்டடங்கள். மேலே ஒரு பந்து விழுந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை புகார் கொடுத்துவிட்டால் நீங்கள் வீட்டுக்குள்ளேயே பூனை நடை நடக்கவேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் வாடகைக்கு விடுவது நெடுநாள் வழக்கம். 2026 ஜனவரி 1 முதல் போடும் லீஸ்களில் அடுப்பும் ஃப்ரிட்ஜும் தரவேண்டியது ஓனர் பொறுப்பு. துவைக்கும் இயந்திரம் அந்தச் சட்டத்தில் வராது, அது வீட்டுக்குள் இருக்கிறதா, பொது அறையிலா என்று தனியாகக் கேளுங்கள்.

ஒருமுறை மாலை ஏழு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பார்க்கிங் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நாங்கள் நான்கு பேர். ஒரு படுக்கையறை எடுக்கலாமா?

கலிஃபோர்னியாவில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு, படுக்கையறைக்கு இரண்டு பேர், வீட்டுக்கு ஒருவர் கூடுதல். ஒரு படுக்கையறைக்கு மூன்று, இரண்டுக்கு ஐந்து. இது வழிகாட்டுதல்தான், ஆனால் பெரும்பாலான வளாகங்கள் இதையே பிடித்துக்கொள்கின்றன. அதே சமயம் குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு தர மறுப்பது 1988 முதல் நாடு முழுக்கச் சட்டவிரோதம். முதியவர்களுக்கென்றே ஒதுக்கிய குடியிருப்புகள் மட்டும் விலக்கு.

அம்மா அப்பா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கலாமா?

விசா தருவது அமெரிக்க அரசு, தங்க விடுவது உங்கள் லீஸ். விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று லீஸில் ஒரு வரி இருக்கும். பதினான்கு நாள் என்று போட்டிருப்பது சகஜம். டிக்கெட் போடுவதற்கு முன்பே லீசிங் ஆபீஸுக்கு மெயில் எழுதி, பெயர், தேதி சொல்லி அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு படிவத்தில் முடிந்துவிடும். வாய்வார்த்தையாக 'நோ பிராப்ளம்' என்று சொன்னவர் அடுத்த மாதம் வேலை மாறிப் போயிருப்பார்.

பெரியவர்களுக்கு இன்னொன்று. கார் ஓட்டாதவர்கள் நடந்து போக ஏதாவது ஒரு கடை, பூங்கா, நூலகம் அருகில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதமும் வீட்டுக்குள்ளேதான்.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

குழந்தைகளோடு முடியாது. பேருந்து இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, சைக்கிள் பாதைகள் அருமை. சான் டியேகோ கிரீக் ஓரமாகவும் ஜெஃப்ரி சாலை ஓரமாகவும் சிக்னலுக்கு அதிகம் நிற்காமல் போகலாம். ஆனால் பள்ளி, டாக்டர், மளிகை மூன்றையும் இவற்றை வைத்து ஓட்ட முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் டவுன்டவுன் சுமார் 40 மைல். வாரத்தில் ஓரிரு நாள் போகவேண்டியவர்களுக்கு மெட்ரோலிங்க் ரயில் உதவும். தினமும் காரில் என்றால் இர்வைன் வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் குடியேறிய பத்து நாளுக்குள் இங்கத்திய லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவேண்டும். வேறு மாநிலத்திலிருந்து கார் கொண்டுவந்தால் பதிவை மாற்ற இருபது நாள். ஊரைச் சுற்றியிருக்கும் 73, 133, 241, 261 சாலைகளில் டோல் வரும் பகுதிகள் உண்டு, சாவடி கிடையாது, கேமரா மட்டும்தான். டோல் கட்டும் ஃபாஸ்ட்ராக் கணக்கை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள்.

பாதுகாப்பான ஊர்தானா?

இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள அமெரிக்க நகரங்களில் வன்முறைக் குற்றம் மிகக் குறைவான ஊர் என்று எஃப்.பி.ஐ. புள்ளிவிவரத்தை வைத்து ஆண்டுக்கணக்காகச் சொல்லப்படும் ஊர் இது. வாசலில் வைத்த பார்சல் காணாமல் போவது இங்கேயும் நடக்கும்.

பயப்படவேண்டியது தீக்கு. இலையுதிர் காலத்தில் சாண்டா ஆனா காற்று மலையிலிருந்து வறண்டு அடிக்கும். 2020 அக்டோபரில் சில்வராடோ காட்டுத்தீ வந்தபோது வடக்கு இர்வைனில் பல்லாயிரம் பேரை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். மலையடிவார வில்லேஜ் எடுப்பவர்கள் பாஸ்போர்ட், ஐ-797 என்ற விசா அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வாடகைதாரர் இன்ஷூரன்ஸில் தீ அடங்கும், நிலநடுக்கம் அடங்காது, அதற்குத் தனிப் பாலிசி.

கிரேட் பார்க் பகுதி பற்றிக் கேட்கிறார்கள். அது 1999இல் மூடிய எல் டோரோ மரைன் கோர் விமானத் தளத்தின் நிலம். அங்கே நிலத்தடி நீரில் கரைப்பான் கழிவு கலந்திருந்ததால் 1990இல் மத்திய அரசின் சுத்திகரிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டுக் குழாயில் வருவது நேரடியாக அந்த நீர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் தரும் இர்வைன் ராஞ்ச் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் ஆண்டுதோறும் தர அறிக்கை வெளியிடுகிறது, படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு வருஷம் கழித்து வாடகையை எவ்வளவு ஏற்றலாம்?

மாநிலத்தின் 2019 வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆண்டுக்கு 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்த்து, எப்படியும் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டி 15 ஆண்டு ஆகாத கட்டடத்துக்கு இது பொருந்தாது. இர்வைனில் புதுக் கட்டடங்கள் நிறைய, எனவே பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தனிநபருக்குச் சொந்தமான காண்டோவும் தனி வீடும், லீஸில் முறைப்படி அறிவித்திருந்தால் விலக்கு. பழைய வளாகத்துக்கு இப்படி ஒரு மறைமுக லாபம் இருக்கிறது. விலக்கு இருந்தாலும் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற 90 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும், அதற்குள் என்றால் 30 நாள். லீஸ் நடுவில், லீஸிலேயே இடம் கொடுத்திருந்தால் தவிர, ஏற்ற முடியாது.

நடுவில் வேலை போய்விட்டால்?

ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால், அடுத்த வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள். லீஸ் அதைப் பார்க்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் 'லீஸை முறித்தால் என்ன கட்டவேண்டும்?' என்று கேளுங்கள். சில இடங்களில் ஒரு தொகை கட்டிவிட்டு விலகலாம். அப்படி ஒரு வழி இல்லாவிட்டாலும், ஓனர் அடுத்த ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்பது கலிஃபோர்னியாச் சட்டம். புது ஆள் வந்த பிறகும் உங்களிடம் அதே மாதத்துக்கு வாடகை வாங்க முடியாது. நீங்களே ஆள் பிடித்துக் கொடுத்தால் வேகமாக முடியும்.

டெபாசிட் முழுசாகத் திரும்ப வருமா?

சாவி வாங்கிய அன்றே, பெட்டி இறக்குவதற்கு முன், வீடு முழுக்க வீடியோ எடுங்கள். ஓவன் அடுப்பின் உள்பக்கம், ஜன்னல் தண்டவாளம், கார்ப்பெட் மூலை எல்லாம். எடுத்ததை லீசிங் ஆபீஸுக்கு அன்றே மெயிலில் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி.

காலி செய்யும் கடைசி இரண்டு வாரத்தில், முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னென்ன பிடிப்பார்கள் என்று அப்போதே பட்டியல் தருவார்கள், நீங்களே சரிசெய்துவிடலாம். காலி செய்த 21 நாளுக்குள் மீதிப் பணமோ கணக்கோ வரவேண்டும். 125 டாலருக்கு மேல் பிடித்தால் ரசீதும் வைக்கவேண்டும். 2025 முதல் ஓனர் தரப்பும் காலி செய்த வீட்டைப் படம் எடுத்தே தீரவேண்டும்.

நாளடைவில் மங்கிய பெயின்ட், நடந்து தேய்ந்த கார்ப்பெட் இவற்றுக்குப் பிடிக்கக்கூடாது. மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் கிரேயான் ஓவியம் உங்கள் கணக்கு. அநியாயமாகப் பிடித்தால் முதலில் கடிதம் எழுதுங்கள், அசையாவிட்டால் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதியே கிடையாது. வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தார்கள் என்று நீதிபதி கருதினால் டெபாசிட்டுக்கு மேல் அதைப்போல இரண்டு மடங்கு வரை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லலாம்.

கிளம்பும்போது புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.